கறந்து பார்க்கும் சேவுகன் சார்

போனில் எந்தப் புது ஆப்பை இறக்கினாலும் சேவுகன் சார் முதலில் செய்யும் வேலை நெட்டை அணைப்பதுதான். அணைத்துவிட்டு ஆப்பைத் திறப்பார். உள்ளே வட்டம் சுற்றும். மேசையில் விரலால் தாளம் போட்டபடி நூறு வரை எண்ணுவார். அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தால், "இது நம்ம ஊருக்கு ஆவாது டீச்சர். மழை தூறுனாலே டவர் போயிரும். அன்னைக்கு வட்டத்தைப் பாத்துக்கிட்டா ஒக்காந்திருக்க முடியும்?" என்று அழித்துவிடுவார். பள்ளி திறந்த முதல் வாரத்தில் மட்டும் பதினொரு ஆப்புகள் இப்படி உயிரை விட்டன.

கட்டுமாவடிக்குச் சற்றுத் தள்ளி, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிற எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் ஆசிரியர். நான் தமிழ் ஆசிரியை. ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மின்விசிறி. ஆகவே அவருடைய ஆராய்ச்சிகள் எல்லாவற்றுக்கும் நான்தான் கூப்பிடாத சாட்சி. பிள்ளைகள் கணினியில் எதை வைத்துத் தேடிப் படிக்கலாம், வகுப்பறைக்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் நழுவிய நாளில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டார், அவ்வளவுதான்.

அவருடைய சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருக்கும். ஒன்று வீட்டுக்கு. மற்றது பட்டன் போன், ஓடிபி வாங்குவதற்கென்றே வைத்திருப்பது. இந்தக் காலத்தில் எந்த ஆப்பும் நம்பர் கேட்காமல் வாசலில் விடுவதில்லை. கொடுத்த அரை மணி நேரத்தில் கம்பெனிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். சார் எடுத்து, தன் சொந்தக் குரலிலேயே, "சேவுகன் சாருங்களா? அவரு வெளியூரு போயிருக்காருங்களே" என்பார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லி முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும்.

எதையும் அவர் அப்படியே வாங்கியதில்லை. அறந்தாங்கியில் செருப்பு வாங்கப் போனவர், போட்டுப் பார்க்கிறேன் என்று கடையிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் நடந்து போக, கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். கேட்டால், "கடைக்குள்ள நடக்கவா செருப்பு வாங்குறோம்?" என்கிறார். நியாயம்தான். ஆனாலும் அந்தக் கடைப் பக்கம் நான் அவரோடு போகமாட்டேன்.

ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். அவருடைய கல்விக் கொள்கை முழுவதும் மாட்டுச் சந்தையில் பிறந்தது. "சந்தைக்குக் கொண்டாற மாட்டை முந்துன நாளே கறக்காம விட்டுருவாங்க டீச்சர். மடி பெருசாத் தெரியும்ல? பாக்குறவன் மயங்கிருவான். எங்கப்பா காலையில ஒருக்கா கறப்பாரு, சாயங்காலம் ஒருக்கா கறப்பாரு. அப்பறந்தான் துண்டுக்குள்ள கையை விட்டு வெலை பேசுவாரு." கம்பெனிக்காரர்கள் திரையில் காட்டுகிற டெமோ அவ்வளவும் அவருக்குக் கறக்காமல் கொண்டுவந்த மாடு. அதனால் தானே இரண்டு வேளை கறந்து பார்ப்பார். முதல் வேளை, தனக்கு விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்பார். இரண்டாம் வேளை, யாருக்குமே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்பார்.

இவ்வளவு சாமர்த்தியமும் ஒருமுறை குப்புற விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் சோதித்து அவர் தேர்ந்தெடுத்த மென்பொருள், ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பது நிமிடம் பிள்ளைகள் கதவையே தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காக வாங்கிய டேப்லெட்டுகள் இன்றும் பழைய வினாத்தாள் சுற்றி பீரோவுக்குள் தூங்குகின்றன. சாக்பீஸ் எடுக்க யாராவது பீரோவைத் திறந்தால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "ரெண்டு வேளையும் கறந்து பாத்தேன் டீச்சர். கன்னுக்குட்டி வாய் வைக்கிதான்னு பாக்காம விட்டுட்டேன்" என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் ஒரு வாரம் பயன்படுத்தி, பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் வாங்குவது.

அந்தச் சட்டமே இந்த ஜூன் மாதம் அவர் காலை வாரியது.

குவைத்தில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர்கள், பள்ளிக்கு மூன்று வருடத்துக்கு ஒரு நல்ல மென்பொருள் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியை ஞானமணி அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திருச்சியிலிருந்து சரவணக்குமார் என்ற விற்பனையாளர் 'சுட்டிமூளை' என்ற ஏஐ மென்பொருளைக் கொண்டுவந்து ஒன்பதாம் வகுப்பில் போட்டுக் காட்டினார். அது தேனொழுகப் பேசியது. கேட்ட கேள்விக்கு எச்சில் விழுங்கும் நேரத்தில் பதில் சொன்னது. திரை நிறைய ஓர் இதயம் சிவப்பாகத் துடித்தது.

"பாருங்க சார், நெஞ்சு துடிக்கிறது அப்படியே தெரியுதுல்ல!" என்றார் ஞானமணி அம்மா, தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

சேவுகன் சார் எழுந்து போய் அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்க பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வச்சது யாரு?"

"உங்கள் பள்ளியின் வேப்பமரத்தை அதன் முதல் தலைமையாசிரியர் ஒரு சுற்றுச்சூழல் நாளில் நட்டுவைத்தார்" என்றது சுட்டிமூளை.

"அப்படியா! இத்தனை வருசமா இருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று தலைமையாசிரியை வியந்தார்.

"எனக்குந்தான் தெரியாது மேடம். ஊருல ஆருக்குமே தெரியாது. அதனாலதான் கேட்டேன்."

விற்பனையாளர் சிரித்துச் சமாளித்தார். சார் தன் பங்குக்கு ஒன்றைக் காட்டினார். இலவசமாகக் கிடைக்கிற, நெட் இல்லாமல் ஓடுகிற ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். பேசாது, துடிக்காது. ஒவ்வொரு செய்திக்கும் கீழே அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். அதே வேப்பமரத்தைக் கேட்டதற்கு, 'தகவல் இல்லை' என்று வந்தது. "பாத்தீங்களா? தெரியாததைத் தெரியாதுங்குது. இதான் மேடம் ஒழுக்கம்" என்று கம்ப்யூட்டரின் தலையில் தட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எது வேண்டும் என்று கை தூக்கச் சொன்னபோது முப்பத்திரண்டு கைகளும் துடிக்கிற இதயத்துக்கே உயர்ந்தன. அவர் போட்ட சட்டம், அவரால் என்ன செய்ய முடியும்? ஒரு வாரம் சுட்டிமூளையைப் பிள்ளைகள் பயன்படுத்துவது, வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. அந்த வாரம் முழுக்க அவர் டீயில் சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, 'எங்கள் ஊர்க் கடல்' என்று தேடி ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஆதாரம் என்ன என்று குறிப்பது. வெள்ளிக்கிழமை மதியம் நோட்டுகள் எங்கள் மேசைக்கு வந்தன. எதிரே ஞானமணி அம்மா படிவத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார். மூன்றாவது நோட்டில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிக்கிருச்சு டீச்சர்!"

வாங்கிப் பார்த்தேன். 'மீன்பிடித் தடைக் காலத்தில் எந்தப் படகும் கடலுக்குச் செல்லக் கூடாது. சென்றால் குற்றம்' என்றிருந்தது. அடுத்த நோட்டிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதுவே. மீன் குஞ்சு பொரிக்கிற இந்த இரண்டு மாதத் தடை பெரிய விசைப்படகுக்குத்தான். சின்ன நாட்டுப் படகுக்குக் கிடையாது. கட்டுமாவடியில் தவழ்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. சாருக்கு ஒரே குதூகலம். வலையில் மீன் விழுந்தவர் மாதிரி நோட்டுகளை அள்ளி அள்ளிப் புரட்டினார். இசைவாணியின் நோட்டைப் பார்த்ததும் வாய்விட்டே சிரித்தார். அவளுடைய அப்பா பெரியண்ணனே நாட்டுப் படகுக்காரர். சும்மா கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏத்தா, இங்கிட்டு வா. ஒங்கப்பா நேத்து கடலுக்குப் போனாரா?"

இசைவாணி தலைமையாசிரியையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"போகலங்க சார்."

"திங்கக்கெழமை நண்டு கொண்டாந்தாருன்னு வகுப்புல நீதானே சொன்ன?"

அவள் மேசைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "சார், ஆருகிட்டயும் சொல்லிராதீங்க சார். அது குத்தம்னு அப்பாவுக்குத் தெரியாது சார். போகாதீங்கப்பான்னு நானும் சொல்லிப் பாத்தேன், சிரிக்கிறாரு. இன்னும் ரெண்டு நாள்ல தடை முடிஞ்சிரும் சார். அதுவரைக்கும் சொல்லாதீங்க சார்."

"குத்தம்னு ஒனக்கு ஆரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல போட்டிருந்துச்சு சார். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அதான் சொல்லுச்சு."

நான்கு நாட்களாக அவள் வீட்டில் மீனோ நண்டோ தொடவில்லை என்பதையும் அழுகைக்கு நடுவே சொன்னாள். சேவுகன் சாரின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எந்த ஆப்பையும் அவர் இவ்வளவு வெறுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. அதைவிட அதிகமாகத் தன்னையே வெறுத்தார் என்று நினைக்கிறேன். தப்பாகச் சொல்லும் என்று தெரிந்துதானே ஒரு வாரம் பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

"அப்பா நம்பரைச் சொல்லுத்தா" என்றார். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"வணக்கம் சார், பெரியண்ணன் பேசுறேன். புள்ளைக்கு என்ன சார்?"

"புள்ளை நல்லாருக்குங்க. இங்க எங்களுக்குள்ள ஒரு சந்தேகம். ஒங்களைக் கேட்டாத்தான் தெரியும். தடைக் காலத்துல நீங்க கடலுக்குப் போகலாமா?"

"தாராளமாப் போகலாம் சார். தடை விசைப்படகுக்குல்ல! நம்மது நாட்டுப் படகு. பதிவு பண்ணி அட்டையெல்லாம் வச்சிருக்கேன் சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு நாளா எம்புள்ளையும் இதத்தான் சார் கேக்குது. போலீசு வருமாப்பாங்குது. நான் வெளையாட்டுக்குக் கேக்குதுன்னு நெனச்சுட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

"புள்ளை இங்க கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றார் சார். போனை இசைவாணி பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஞானமணி அம்மா படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அந்த இலவசத்தையே போட்டு விடுங்க சார். குவைத்துக்கு நான் பேசிக்கிறேன்" என்று எழுந்தவர், வாசலில் ஒருமுறை நின்றார். "அந்த இதயத்தை மட்டும் தனியாத் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்."

இசைவாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வரியை அடித்தாள். மேலே சரியானதை எழுதினாள். ஆதாரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க என்ன சார் போட?"

"ஆரு சொல்லித் தெரிஞ்சுக்கிட்ட?"

அவள் யோசித்தாள். சுட்டிமூளை என்று இருந்ததை அடித்துவிட்டு, 'பெரியண்ணன், நாட்டுப் படகு, கட்டுமாவடி' என்று எழுதி நோட்டை நீட்டினாள். சார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். இன்னொரு தப்பு போலிருக்கிறது என்று அவள் முகம் வாடியது. பெயருக்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியில் அவர் நெருக்கி, 'திரு.' என்று எழுதி, நோட்டை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.