நடுக்கட்டிலில் கேட்ட இரண்டு மொழிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தேன். அடுக்கிய சாக்குகளின் மேலிருந்து விழுந்து ஒருநாள் என் தொடையெலும்பு முறிந்தது. முதலாளிக்கு வெலிங்டன் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் தெரியும். படகில் கொண்டுபோய் அங்கே சேர்த்தார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மாதம் அசையக்கூடாது என்றார் டாக்டர்.

அறையில் மூன்று கட்டில். நடுக்கட்டில் எனக்கு. இடப்பக்கம் சோவியத் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு மாலுமி. வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வலப்பக்கம், வேறொரு கப்பலின் இயந்திர அறையில் இரண்டு கைகளும் வெந்துபோன பிலிப்பைன்ஸ்காரர். அவர்களை விட்டுவிட்டுக் கப்பல்கள் போய்விட்டன.

இருவருக்கும் என்னைப்போலவே அரைகுறை இங்கிலீஷ். இடப்பக்கத்தவரை முதல் நாள் "ரஷ்யன்" என்றேன். முகம் சுருங்கி, "நோ ரஷ்யன். ஜார்ஜியா" என்றார். மற்றவரும் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்து, தன் மொழி எல்லோரும் நினைக்கும் தகாலோக் இல்லை, இலோகானோ என்றார். அந்தச் சங்கடம் எனக்குத் தெரிந்ததுதான். கொச்சியில் பிறந்த எங்களை மலையாளி என்றே எல்லோரும் நினைப்பார்கள். வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம் என்று ஒவ்வொரு தடவையும் விளக்கியாக வேண்டும்.

படுத்தே கிடப்பவனுக்குப் பொழுது போகவேண்டுமே. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, அவர்கள் சொல்லும் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். தண்ணீருக்கு இலோகானோவில் "தனும்". சுலபமாக எழுதிவிட்டேன். ஜார்ஜியனில் "த்ஸ்கலி" மாதிரி ஏதோ ஒன்று. நடுவில் வரும் ககரம் தொண்டைக்குள்ளே சுண்டிவிட்டதுபோல வெடித்தது. என் எழுத்தில் அது அடங்கவில்லை. மலையாளி சிஸ்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்டெ தொண்டை போயி!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்.

வீடு ஒன்றுக்கு மேல் என்றால் ஜார்ஜியர் நம்மைப்போலக் கடைசியில் வால் சேர்ப்பார்: சாஹ்லி, சாஹ்லெபி. இலோகானோக்காரர் முன்பக்கத்தை இரட்டிப்பார்: பலாய், பல்பலாய். நாற்பது என்பது இலோகானோவில் நான்கு பத்து. நமக்கும் அதுதான். ஜார்ஜியருக்கோ இரண்டு இருபது. ஒருநாள் அம்மா பூரி கொண்டுவந்தாள். பேரைக் கேட்டதும் ஜார்ஜியர் தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தார். அவர் ஊரில் ரொட்டிக்கே "புரி"தானாம்.

"பாவம்டா, இன்னும் ரெண்டு வைக்கிறேன், சாப்பிடட்டும்" என்றாள் அம்மா.

மூன்றாவது வாரம், கப்பல் ஏஜெண்டின் ஆள் ஜார்ஜியரிடம் ஒரு தந்தியைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து, "மாமா" என்றார். கைகளை நெஞ்சின்மேல் மடக்கிக் கண்ணை மூடிக் காட்டினார்.

மாமா இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். என் மாமாவும் போன வருஷம்தான் போனார், வயசானவர்கள் போகத்தானே செய்வார்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்தும் வைத்தேன். அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிபடவில்லை. சிஸ்டரோ அதை அம்மாவுக்கான இங்கிலீஷ் வார்த்தையாக எடுத்துக்கொண்டு, "அம்மை மரிச்சுபோயோ? கஷ்டம்!" என்று கண்கலங்கினார்.

மறுநாள் காலை இலோகானோக்காரர் எழுந்துபோய் ஜார்ஜியரின் கட்டிலில் உட்கார்ந்தார். தாய்க்குத் தன் மொழியில் உள்ள சொல்லால் "இனா?" என்று கேட்டு, தலையில் முக்காடு போடுவதுபோலக் காட்டினார். இல்லை என்றார் ஜார்ஜியர். அது "தேதா". தேதா உயிரோடு இருக்கிறாள், இனி வீட்டில் தனியாக. பிறகு விரலால் மேலுதட்டில் ஒரு பெரிய மீசையை வரைந்தார்.

"மாமா."

"அமா" என்றார் இலோகானோக்காரர்.

எனக்கு அது அம்மா என்று கேட்டது. தப்பு என்று நான் வாயெடுப்பதற்குள் அவரும் கட்டுப்போட்ட கையால் தன் உதட்டின்மேல் அதே மீசையை வரைந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தா" என்றேன். எங்கள் வீட்டில் தகப்பனாருக்கு அதுதான் சொல். முந்தின நாள் சிரித்தது நினைவு வந்து உடம்பு கூசியது. தமிழில் மாமா என்றால் அம்மாவின் சகோதரன் என்று திக்கித்திணறிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மதர் பிரதர்?" என்று ஜார்ஜியர் பாதி சிரித்தார். பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

மத்தியானம் சாயாவும் பன்னும் வந்தன. அவர் பன்னைப் பிய்த்து ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் கொஞ்சம் சாயாவை ஊற்றினார். ஊரில் என்றால் ஒயின் ஊற்றுவார்களாம். அதைப் பார்த்த இலோகானோக்காரர் "அதாங்" என்றார். அவர் ஊரிலும் செத்தவர்களுக்குச் சோறு எடுத்துவைப்பது உண்டு; அதற்குப் பெயர் அது. அவரால் கரண்டி பிடிக்க முடியாது. எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மாதான் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மீன்துண்டோடு அந்தத் தட்டில் வைத்தாள். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திஹாவும் ஓதினாள்.

"அவங்களுக்கு ஓதலாமாம்மா?" என்றேன்.

"அதை பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட அப்புறமா கேட்டுக்கிறேன். நீ பேசாம கிட."

ஜன்னலோரம் தட்டைப் பார்த்த சிஸ்டர், "இதெந்தா, உறும்பு வருமே!" என்று கோபித்தார். விஷயத்தைச் சொன்னோம். உடனே போய், ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து, எறும்பு ஏறாதபடி தட்டை அதற்குள் நிறுத்திவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து இலோகானோக்காரரை அழைத்துப்போக துறைமுகத்துக்குத் திரும்பியிருந்த அவருடைய கப்பலின் ஆட்கள் இருவர் வந்தார்கள். புறப்படும்போது அவர்களையும் தன்னையும் சுற்றிக் கையால் வட்டம் போட்டு, "தகாமி" என்றார். பிறகு எங்கள் மூன்று கட்டில்களையும் சேர்த்துப் பெரிய வட்டம் போட்டு, "ததாயோ" என்றார். எனக்கு உடனே புரிந்தது. முதலாவது நாங்கள், இரண்டாவது நாம். ஜார்ஜியரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, இரண்டு வட்டத்துக்கும் "ச்வென்" என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார். அவர் மொழியில் அந்தப் பிரிவு கிடையாது.

அடுத்த வாரம் ஜார்ஜியரும் போனார். என் எலும்பு கூடியது, ஆனால் கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். பின்னாளில் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். இந்த இரண்டு மொழிக்கும் எட்டின உறவுகூட இல்லை என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த மறுவருஷம் மணிலாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் நான்கே வரி. கைகள் தேறிவிட்டன என்பதற்கு அந்த எழுத்தே சாட்சியாக இருந்தது. ஜார்ஜியரிடமிருந்து எதுவும் வரவில்லை.