நான்காவது திருகாணி

மாதவிக்குக் கிட்டாரில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும், மலேசியாவில் ராசா என்ற ஊரிலிருந்து ரவாங் வரையில் பழைய மின்கிட்டார் வாங்க நினைக்கும் திருமண இசைக்குழுக்காரர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். ரவாங் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் ஈயப்பற்றுகளைச் சோதித்துப் பழகிய கண்கள் அவருடையவை. கிட்டாரின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் போதும். அது அசலா, போலியா என்று சொல்லிவிடுவார்.

சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். நாய் என்றால் பயம். மின்தூக்கி என்றால் பயம். மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பயம். விற்பவரின் முகத்துக்கு நேரே 'போலி' என்று சொல்ல வேண்டி வந்தால் நா வறண்டுவிடும். இருந்தும், கண்டதை அவர் ஒருமுறையும் மாற்றிச் சொன்னதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு விஷாலினி வந்து நின்றாள். வார நாள்களில் அலுவலக வேலை. வார இறுதிகளில் இசைக்குழுவில் கிட்டார். ஏழாயிரம் வெள்ளிக்குப் போகும் அமெரிக்கக் கிட்டாரை அம்பாங் பெச்சாவில் ஒருவர் மூவாயிரத்துக்கு விற்கிறாராம்.

"ஏன் இவ்ளோ கொறவு?" என்றார் மாதவி.

"அதுக்குத்தான்கா உங்கள கூப்பிடுறேன். டூப்ளிகேட்டுன்னா ஓடி வந்துரலாம் லா."

கார் விற்பவரின் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்ததும் இரும்புக் கதவு தானாகவே பின்னால் மூடிக்கொண்டது. கறுப்பு நாய் ஒன்று சங்கிலியை இழுத்துக் குரைத்தது. கதவை இயக்கும் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி, வீட்டுக்காரர் ரவீந்திரன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பயப்படாதீங்கக்கா, கடிக்காது. நான் சொன்னாத்தான் கடிக்கும்."

கிட்டார் மேசைமேல் கிடந்தது. மாதவி தம் வழக்கப்படி முதலில் அதன் தலைப்பகுதியிலிருந்த தொடர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார்.

"கோலாலம்பூர்ல ஒரு சீனர் வச்சிருந்தாரு," என்றார் ரவீந்திரன். "வாசிக்கவே இல்ல. பொட்டியிலயே தூங்குச்சு. அவர்கிட்டேருந்து நேரா என் கைக்கு வந்துருச்சு."

வாசிக்கப்படாத கிட்டாரின் கழுத்திலுள்ள உலோக மெட்டுகள் இவ்வளவு தேய்ந்திருக்குமா? மாதவி நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பின்மூடியை எடுத்தார். உள்ளே ஈயப்பற்று சீராக இருந்தது. அதில் யார் கையும் படவில்லை. உறுப்புகளில் பொறித்திருந்த ஆண்டும் தொடர் எண்ணும் ஒத்துப்போயின. ஐயமே இல்லை, அசல்தான்.

கையிலிருந்த மூடியைத் திருப்பியவர் அப்படியே உறைந்துபோனார்.

மூடியின் உட்புறத்தில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூசைக்கு வெளியே பொட்டு வைத்தால் வார்னிஷ் கெட்டுவிடும் என்று, யாரோ ஆண்டுதோறும் மூடியைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். எண்ணினார். பதினொன்று. முதற்பொட்டு கறுத்துவிட்டிருந்தது; கடைசிப் பொட்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

போலியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

"என்னாக்கா, மூடியவே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" ரவீந்திரனின் குரல் பிடரிக்கு மிக அருகில் கேட்டது.

மாதவி மூடியைப் பொருத்தத் தொடங்கினார். திருப்புளி திருகாணியின் தலையில் நிற்காமல் வழுக்கியது. விஷாலினியோ அதற்குள் கைப்பையிலிருந்து பண உறையை எடுத்துவிட்டாள்.

"அசல்தானேக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இருவரும் வெளியே போய்விடலாம். அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"அசல்தான். ஆனா வேணாம்மா. வெல சரியில்ல."

"மூவாயிரம் சாஸ்தியா?" என்றார் ரவீந்திரன்.

"கொறவா இருக்கு, தம்பி."

ரவீந்திரனின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது; கண்களில் இல்லை. "வெல கொறவுன்னு வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்கா. எங்க வேல செய்றீங்க? ரவாங்லயா? எந்த பேக்டரி?"

மாதவி சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாதது அன்றுதான் அவருக்குச் சாபமாகத் தோன்றியது.

இருவரும் காரில் ஏறியும் இரும்புக் கதவு திறக்கவில்லை. ரவீந்திரன் வாசலில் நின்று இருவரையும் நெடுநேரம் பார்த்தார். நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது. பிறகே அவர் கை சட்டைப்பைக்குள் போனது.

பெருஞ்சாலையை அடைந்ததும், "என்னாக்கா ஆச்சு? நல்ல கிட்டார விட்டுட்டோமே!" என்று விஷாலினி பொரிந்தாள். மாதவி பொட்டுகளைப் பற்றிச் சொன்னதும் அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"கிட்டார் நம்பர குரூப்புல போடுறேன்," என்றார் மாதவி.

"வேணாம்கா! அவனுக்கு உங்க பேக்டரி தெரியும். பேசாம இருந்துரலாம்."

அதுவும் சரிதான் என்றே மாதவிக்குப் பட்டது. ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிப் பொட்டு வைத்த விரல் கண்முன்னே நின்றது. இசைக்குழுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எண்ணின் படத்தை மட்டும் போட்டு, 'இது யாருடையது?' என்று கேட்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கம்போங் குவாந்தானில் இருக்கும் துளசி என்ற கலைஞரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, பின்மூடிக்குள்ள பொட்டு இருக்கா?"

"இருக்கும்மா. பதினொன்னு."

மறுமுனையில் அழுகை கேட்டது. "பன்னெண்டாவது வைக்கறதுக்குள்ள வீட்ட ஒடச்சு எடுத்துட்டுப் போய்ட்டானுங்கக்கா. ரிப்போர்ட்டு குடுத்திருக்கேன். போலீஸோட வரேன்… நீங்க பாத்த எடத்த காட்டுவீங்களா?"

நாய், கதவு, பிடரியில் பட்ட அந்த மூச்சு. மாதவிக்கு உடல் முழுவதும் வேர்த்தது. அப்போதுதான், இடக்கை இன்னும் இறுக மூடியிருப்பதை அவர் கண்டார். விரல்களை விரித்தார். உள்ளங்கையில் தடம் பதித்துக்கொண்டு நான்காவது திருகாணி கிடந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு திருகாணியையும் அவர் பூட்டாமல் விட்டதில்லை.

"வரேம்மா," என்றார். "ஒரு ஸ்குரு மாட்டாம வந்துட்டேன்."