சுவரில் நான் ஒட்டிய மண்டையோடு

“இது பாட்டாட்டி? எஞ்சினுக்குள்ள மண்ணு போன மாதிரில்லா இருக்கு!”

நான் ஹெவி மெட்டல் இசை கேட்கும்போதெல்லாம் அப்பா இப்படித்தான் சொல்வார். அவர் கடலுக்குப் போகிறவர். “உன்னப் பத்தி கோயில்ல இருந்து ஒரு பேச்சு வந்தா, பிறகு நீ காலேஜுக்குப் போவாண்டாம்” என்றும் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வரும்.

எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த தெருக் குடும்பங்கள் கூடி, வீட்டுக்கு வீடு முறைவைத்து நடத்தும் அன்பிய ஜெபம் அன்று எங்கள் வீட்டில். என் அறைச் சுவரில் எனக்குப் பிடித்த இசைக்குழுவின் மண்டையோட்டுப் படம் இருந்ததால் கதவைச் சாத்தியிருந்தேன். பாய் எடுக்கப் போன அன்பியத் தலைவி அதைத் திறந்துவிட்டார்.

“யேசுவே! வீட்டுக்குள்ள பிசாசு படமா?”

அம்மா முந்திக்கொண்டு, “கல்ஃப்ல இருக்க மூத்தவன் ஒட்டுனது” என்றாள்.

“ஆம்பிளப் பிள்ளையள் அப்படித்தான்” என்று யாரோ சிரித்தார்கள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணனுக்கு அந்தக் குழுவின் பெயர்கூடத் தெரியாது. யாரும் சொல்லித்தராமல் நானே தேடிக் கண்டுபிடித்த இசையை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

“நான்தான் ஒட்டினேன், மாமி.”

வாசலில் நின்ற அப்பா என்னையே பார்த்தார்.

“அதுல அப்படி என்னட்டி இருக்கு?” என்று தலைவி கேட்டு முடிப்பதற்குள், போனில் பாட்டைப் போட்டு, இயர்போனின் ஒரு முனையை அவரிடம் நீட்டிவிட்டிருந்தேன்.