புரட்டாசிச் சனியும் ஒரு சட்டி முட்டையும்

முனிரத்தினம் காலிப் பால்கேனை வீசிக்கொண்டு விறுவிறுவென்று போகிறார். வீட்டில் மாடு கிடையாது. மருமகள் ஆந்திராவில் தடா ஊர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் சேர்ந்த வருடமே மாட்டையும் அனுப்பியாயிற்று. ஆனால் பாலசமுத்திரத்தில் காரியம் இல்லாமல் வேகமாக நடப்பவனைப் பைத்தியம் என்பார்கள். கையில் கேன் இருந்தால் கௌரவம்.

“இன்னாண்ணா, பால் ஊத்தவா போற?” எதிரே வருபவன் கேட்கிறான்.

“ஆமாம்ப்பா, ஊத்திட்டு வரேன்.”

உண்மையில் அவர் குடலில் புற்றுநோய்க் கட்டி. திருப்பதியில் பெரிய ஆபரேஷன். அதற்கு முன் மாப்பிள்ளையைத் தேற்றுவது போல உடம்பைத் தேற்றச் சொல்லியிருக்கிறார்கள்: நடை, மூச்சு, தீனி. பீடியை விட்டாயிற்று, காதுக்கு அழகாக ஒன்றை மட்டும் செருகியிருக்கிறார். மூச்சுக்கு மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி. உறிஞ்சினால் பந்துகள் எழும்ப வேண்டும். இரண்டு எழும்பும். மூன்றாவது, ஜெயித்த எம்.எல்.ஏ.வைப் போல, எவ்வளவு கூப்பிட்டாலும் தலைகாட்டாது. “வர்றானா பாரு, திமிரு!” என்று திட்டிவிட்டு மறுபடி உறிஞ்சுவார்.

தீனியில்தான் சட்டச் சிக்கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று மனைவி அம்சவேணி, புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் கவிச்சி வராது என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். ஆபரேஷனுக்காக டாக்டர் முட்டை தின்னச் சொல்கிறார். அதே ஆபரேஷனுக்காகப் பெருமாள் கூடாது என்கிறார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் முனிரத்தினம் ரசம் சாதம் சாப்பிட்டு இளைத்தார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் எடை பார்த்த பிசியோதெரபிப் பெண் ஷோபா, நகரிக்காரி, தெலுங்கும் தமிழுமாகக் கொதித்துப் போனாள். “குட்டு தினாலி நைனா, குட்டு! முட்டை துன்னாம சதை எங்கேர்ந்து வரும்? சதை இல்லன்னா டாக்டர் தேதியத் தள்ளிடுவாரு. கட்டி சும்மா காத்துக்கினு இருக்குமா?”

“நான் இன்னாம்மா பண்றது? பெருமாளு மலமேலேந்து பாத்துக்கினே கீறாரு.”

கூட வந்திருந்த அம்சவேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் சனிக்கிழமை. மாட்டுக் கொட்டாயிலிருந்து புகை வந்தது. முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். கல் கூட்டிய அடுப்பில், பழைய அலுமினியச் சட்டியில் முட்டை வெந்துகொண்டிருந்தது.

“இன்னிக்கு சனிக்கெழமம்மே!”

“வூட்டுக்குள்ளன்னுதான் பெருமாளாண்ட சொன்னேன். கொட்டாயப் பத்திப் பேச்சே எடுக்கல. துன்னுய்யா.”

அவர் உட்கார்ந்து உரித்தார். அம்சவேணி அவருக்கு முதுகைக் காட்டி, திருப்பதி மலை இருக்கும் வடக்குப் பக்கத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் கழித்து, திரும்பாமலே, உப்பும் மிளகும் வைத்த உள்ளங்கையைப் பின்பக்கமாக நீட்டினாள்.