உங்களுக்குப் பொருத்தமான வைத்தியர்

இணையத்தில் நோயாளிக்கு வைத்தியரைப் பரிந்துரைக்கிற வேலை, கண்ணைத் திறந்துகொண்டு கனவு காண்கிற மாதிரி: முகங்கள் வரும், போகும், ஏன் வந்தன என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒஸ்லோவில் அப்படியொரு சேவையில், "எனக்கேன் இந்த டொக்டரைக் காட்டுது?" என்பவர்களுக்குப் பதில் சொல்வது நான். கணினி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுப் பிழைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு விளங்கும்.

பெயர்

பனி தூவிய ஒரு பின்னேரம், பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வீடியோவில் வந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. அவளுக்குப் பின்னால் யன்னல் முழுக்க வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. மனச்சோர்வுக்கு வைத்தியர் தேடியிருக்கிறாள். எப்போது தேடினாலும் முதலில் வந்தவர் ஒரு தமிழ் டொக்டர். அவளின் அம்மாவோடு கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவள் ஒருவரிடமும் போகவில்லை.

அவள் மொழி எதையும் தெரிவு செய்திருக்கவில்லை. பெயரை வைத்து எங்கள் கணினி நிரலே தமிழ் என்று ஊகித்திருந்தது. அதை நிறுத்தியதும் துரொண்ட்ஹெய்மில் இருக்கிற ஒரு நோர்வே வைத்தியர் மேலே வந்தார். வீடியோவில் சந்திக்க உடனே நேரம் எடுத்தாள். போகும்போது சொன்னாள்: "அக்கா, இனி என்ரை பேரைப் பாக்காதேங்கோ, என்ரை வருத்தத்தைப் பாருங்கோ."

களைக்குது

ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பக்கம் இருக்கிற அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். தமிழில் கதைக்கிற டொக்டர்தான் வேணும் என்றார். நிரல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரைக் காட்டியது. "படி ஏறக் களைக்குது" என்று இவர் வீடியோவில் சொல்ல, சோர்வு என்று நினைத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றிருக்கிறார் அவர். எங்கள் ஈழத்துத் தமிழிலோ களைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது.

ஓம் ஓம் என்று அழைப்பை வைக்கப் போன அண்ணை, என்ன நினைத்தாரோ, போனைக் கையில் பிடித்தபடியே மாடிப்படி ஏறிக் காட்டினார். பாதியிலேயே மூச்சுக்குத் தவித்து நின்றுவிட்டார். டொக்டர் உடனே அம்புலன்ஸுக்குச் சொன்னார். இதயக் குழாயில் அடைப்பு. அண்ணை பிழைத்துவிட்டார். பிறகு டொக்டரே எனக்கு அழைத்தார்: "மேடம், உங்க சிஸ்டத்துல தமிழ்னு ஒண்ணுதான் இருக்கு. அந்த இன்னொரு தமிழையும் எனக்குக் கத்துக் கொடுங்க."

முகம்

திராமன் நகரிலிருந்து செல்வி அக்கா அழைத்தா. தன் திரையில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் டொக்டரைக் காணவில்லையாம். பார்த்தேன். அக்கா அந்த டொக்டரின் பக்கத்தை அடிக்கடி திறந்திருக்கிறா, ஒருநாளும் நேரம் எடுக்கவில்லை. பிடிக்கவில்லை போல என்று நிரல் அவரை விலக்கிவிட்டது.

"ஏனக்கா பாக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். "சிரிக்கேக்கை அப்பிடியே என்ரை தங்கச்சி. சண்டையிலை செத்துப்போனவள். ஒரு படமும் மிஞ்சேல்லை."

நிரலை மீறிக் கையால் சேர்ப்பது விதிப்படி செய்யக்கூடாதது, செய்தேன். அந்த டொக்டர் திரும்ப வந்தார். இரண்டு ஊரில், இரண்டு திரையில், ஒரே சிரிப்பை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மங்கல் வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. இவரிடம் ஒருதரம் நேரம் எடுத்துத் தரட்டோ என்று கேட்டேன். "எனக்கு டொக்டரிட்டைக் காட்டுற வருத்தம் ஒண்டுமில்லை, பிள்ளை. அந்த முகம் அதிலை இருந்தாலே போதும்."

யாருக்கு யார் பொருத்தம் என்று நாள் முழுக்கச் சொல்லுகிற நான், என் முதுகு நோவுக்கு வைத்தியரை இன்னும் பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டுத்தான் பிடிக்கிறேன்.