சலவைக்கூடம் விடுபட்ட வாழ்க்கைக் குறிப்பு

மாமியார் இறந்த ஐந்தாம் நாள், அவருடைய மூத்த மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. நினைவுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நானூறு பிரதி வேண்டுமாம். அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் இளைய மருமகள். முதல் இரண்டு வரி படித்ததுமே அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

'அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். மருத்துவத் துறையில் முப்பதாண்டுகள் சேவை செய்தவர்.'

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. விஷயம்தான் முழுக்கப் பிழை.

அத்தை வேலை பார்த்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ரத்தமும் சீழும் மலமும் காய்ந்து ஒட்டிய படுக்கை விரிப்புகளை உதறிப் பிரித்து, ஊறவைத்து, கொதிநீர் இயந்திரத்துக்குள் தள்ளுகிற வேலை. கணவர் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. மூத்தவன் பள்ளிக்கூடத்தில், இளையவன் இடுப்பில். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். புத்திமதியை உலையில் போட்டால் வேகாது என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.

வாய் மட்டும் ஒரு முழம் நீளம். கையுறை கேட்டுப் பெண்கள் மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் மேலாளர் அசையவில்லை. துணிக்குள் கிடந்த ஊசி ஒரு தோழியின் உள்ளங்கையில் ஏறிய அன்று, அத்தை பிரசவ வார்டு மூட்டையைத் தோளில் போட்டு மாடியேறி, அவருடைய மேசையில் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் அவிழ்த்து வைத்தாள்.

"ஒரே ஒரு தடவை வெறுங்கையால உதறிக் காட்டுங்க சார். அப்புறம் நாங்க கிளவுஸே கேக்க மாட்டோம்."

அவர் ஜன்னலுக்கு ஓடி வாந்தியெடுத்தார். அத்தையைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோராம் நாள் அவள் திரும்பிப் போனபோது, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. மேலாளர் ஜன்னலுக்கு ஓடிய அந்த ஓட்டத்தை நடித்துக் காட்டிச் சிரித்துச் சிரித்தே அவளுக்குப் புரையேறும்.

மருமகளாக வந்த புதிதில் இவளுக்கே அத்தையிடமிருந்து வீசிய பிளீச்சிங் வாடை ஆகவில்லை. ஒருநாள், வயிறு சரியில்லை என்று புளுகி, அத்தை பரிமாறிய தட்டைத் தள்ளிவைத்தாள். அத்தைக்கா தெரியாது? தன் கையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டாள். இது சுத்தத்தோட வாடை, ஒரு மாதத்தில் பழகிவிடும், பழகாவிட்டால் நீ சமை, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாள். கோபம் துளிகூட இல்லை. அந்தத் தட்டை நினைத்தால் மருமகளுக்கு இன்றும் தன்மேலேயே அருவருப்பு.

கடைசி எட்டு மாதம் அத்தை பக்கவாதத்தில் கிடந்தாள். விரிப்பு மாற்றியதும் துடைத்ததும் மருமகள். மூத்தவர் ஒரே ஒரு முறை வந்தார். வாசனைத் திரவம் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அறைவாசலிலேயே நின்று, ஜன்னலைத் திறந்து வைக்கக்கூடாதா என்று கேட்டார். வாய் கோணிப் போயிருந்தாலும் அத்தை விடவில்லை. மருமகளைப் பார்த்து, மகன் காதில் விழும்படியே குழறிக் குழறிச் சொன்னாள்:

"இவன் ஏழு வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சவன்மா. ஒருநாளும் நான் மூக்கைப் பொத்தினதில்ல."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

மருமகள் அச்சகத்திலிருந்தே அவருக்குப் போன் செய்தாள். சலவைக்கூடத்தைக் காணோமே என்று கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? என் ஆபீஸ்லேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. அம்மாவுக்கு ஒரு மரியாதை வேணும்ல."

"அத்தைக்கா அத்தான், உங்களுக்கா?"

எழுத்துப்பிழையை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். இதை நான் பார்க்க மாட்டேன் என்று அவள் முதலாளியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மூத்தவர் வேறு அச்சகத்தில் அடித்துக்கொண்டார். செத்தவங்களைப் பற்றி நல்லதாகத்தானே எழுதியிருக்கிறான், விட்டுத்தொலை என்றான் அவள் கணவன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்கிற அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் கசந்தது.

கூட்டத்துக்குச் சலவைக்கூடத்துப் பெண்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஊசி ஏறியவளும் அவர்களில் ஒருத்தி. கண் சரியாகத் தெரியாததால் குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னாள். மருமகள் ஒரு வரி விடாமல் வாசித்தாள். கிழவி மற்ற ஐந்து பேர் பக்கம் திரும்பினாள்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டோமா?"

பிறகு எழுந்து போய், அதிகாரிகளுக்கு நடுவில் நின்ற மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆசையாகக் கேட்டாள். "தம்பி, ஸ்கூல் விட்டு வந்து எங்க துணி மூட்டை மேலதான் படுத்துத் தூங்குவீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் கையை உருவிக்கொண்டார். "நான் இல்லீங்க. தம்பியா இருக்கும்."

மருமகள் எட்டு மாதம் எதையெல்லாமோ துடைத்தவள். இப்படி ஒரு நாற்றத்தை அவள் கண்டதில்லை. அவள் வாய் திறப்பதற்குள் கணவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"நான் இல்லண்ணே. நான் அப்ப கைக்குழந்தை. நீதான் தூங்குன. அம்மா அங்கதான் துணி துவைச்சாங்க."

மூத்தவர் யாருக்கோ வழிகாட்டுவதுபோல வெளியே போனார். அதிகாரிகளில் ஒருவர், என்ன துணி என்று விசாரித்தார். ஆறு பெண்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அண்ணன் வீட்டுக்குக் கணவன் இப்போதும் எப்போதாவது போய்வருகிறான். மருமகள் அந்த வாசல்படி மிதிப்பதில்லை.