நாத்தனார் முறையில் ஒரு டாக்டர்

மகன் பிறந்து ஐந்து மாதம் முடிந்ததும், பொழிச்சலூரில் அம்மா வீட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, புகுந்த வீட்டுக்கு வந்தேன். எண்பதுகளின் கடைசி அது. அதுவரை குழந்தையை அம்மா குளிப்பாட்டினாள். இங்கே வந்ததும் மாமியார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றுவார். நான் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். என் பங்கு அந்தத் துண்டோடு முடிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு மாமியாருக்கு மூட்டு வலி வந்தது. "இனிமே என்னால காலை நீட்டி உக்கார முடியாதும்மா. நீயே ஊத்திக்க" என்றார்.

உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்த உடம்பு வழுக்கியது. கையை விட்டுவிடுவேன் என்று தோன்றியது. விட்டால் என்ன ஆகும் என்பதையும் மனசு உடனே காட்டியது. அப்படியே குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்து, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வேறு சாக்கு. அதன்பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவதே வழக்கமாயிற்று. "பச்சப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தாம எந்த ஊர்ல வளக்கறாங்க?" என்று மாமியார் கேட்டார். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டப் பயப்படுகிறேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

கணவரிடம் பாதிதான் சொன்னேன்: மனசு சரியில்லை, தூக்கம் இல்லை. நல்ல மனிதர், மேலே துருவவில்லை. ஆபீசில் யாரையோ கேட்டு, நகரத்துக்குள் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் வடக்கத்திக்காரர். குறை சொல்ல முடியாத மரியாதை. உனக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்கிறாயா என்று இங்கிலீஷில் கேட்டார். ஒரே குளியலறை உள்ள வீட்டில் தனி நேரத்துக்கு எங்கே போவது? மாமியாரை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருக்க முடியுமா என்றும் கேட்டார். திரும்பும்போது மின்சார ரயிலில் கணவரிடம், "இவருக்கு நம்ம வீடு புரியாதுங்க. நம்ம ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லிடுவேன்" என்றேன்.

அவரும் வரன் தேடுகிற மாதிரி தேடினார். எந்த ஊர், என்ன மனுஷர்கள் என்றெல்லாம் விசாரித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டரைக் கண்டுபிடித்தார். மாடியில் இருந்தது அந்த கிளினிக். அதே மாடியில் ஒரு பல் டாக்டரும் இருந்தார். ரயில்வே பாலத்தைக் கடக்கும்போதே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் பல் வலி என்று நினைக்கட்டும். படி ஏறி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. வீட்டில் சொன்னதும் பல் வலி என்றுதான்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சொந்த ஊர் எது என்றார். மாமியாருக்கு மதுராந்தகம் பக்கம் என்றேன். மதுராந்தகத்தில் எங்கே, எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டே போனார். நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் இது இல்லாமல் பேச்சு தொடங்காது. அவர் சித்தியைக் கொடுத்த வீடும் மாமியார் பிறந்த வீடும் எங்கோ போய்ச் சேர்ந்தன. "அட, அப்போ உங்க வீட்டுக்காரர் எனக்குத் தம்பி முறை. நான் உனக்கு நாத்தனார்" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். நாத்தனார் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

"உக்காரு, உக்காரு. என்ன கஷ்டம், சொல்லு."

"ஒண்ணும் இல்ல அண்ணி. தூக்கம்தான் கொஞ்சம் சரியில்ல. மத்தபடி அத்தை என்னைத் தங்கமா பாத்துக்கறாங்க."

கேட்டு வாங்கிய 'நம்ம ஆள்' எதிரே இருக்க, மாமியார் புகழைப் பாடிவிட்டு, கிளம்பும்போது அவர் கொடுத்த குங்குமத்தையும் இட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். வைத்தியத்துக்குப் போனவள் விருந்துக்குப் போனவள்போல் திரும்பினேன். என்மேல் எனக்கே காறித் துப்பலாம் போலிருந்தது.

அடுத்த முறை உள்ளே நுழைந்ததுமே அவர், "போன தடவை முறை கேட்டது என் தப்பு. பழக்க தோஷம்" என்றார். "என் மூஞ்சியப் பாத்தா உனக்கு அண்ணி ஞாபகம் வரும். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மணை, எண்ணெய், வழுக்கல், கை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் போலீசைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"விட்டுடணும்னு ஆசையா இருக்கா, இல்ல விட்டுடுவோமோன்னு பயமா இருக்கா?"

"பயம்தான்."

"இவ்ளோ பயப்படற பொம்பள கைய விட மாட்டா. இது ஒரு சீக்கு. பிள்ளை பெத்த உடம்புக்கு வரும், போகும். உன் குணம் இல்ல இது."

அழுதேன். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பிறகு அவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். பயந்து எழுந்தேன். "நாத்தனார் எதுக்கு வந்தான்னு யாராவது கேப்பாங்களா?" என்றார்.

சொன்னபடி பழத்தோடு வந்தார். உறவைச் சொன்னதும் மாமியார் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார், காபி போட்டார். "அத்தை வந்திருக்கேன், மருமகனைக் குளிப்பாட்ட வேணாமா?" என்று டாக்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் வந்தார். நான் மணையில் உட்கார்ந்தேன். அவர் சொம்பில் மொண்டு ஊற்றினார், நான் பிடித்துக்கொண்டேன். கை நடுங்கியது. "நடுங்கட்டும், நீ பாட்டுக்குப் பிடி" என்றார். ஞாயிறுதோறும் இப்படியே நடந்தது. போகப்போக சொம்பும் என் கைக்கு வந்தது. ஆனால் அவர் பக்கத்தில் இல்லாத மற்ற நாட்களில் ஈரத்துணிதான். வீட்டுக்கு வரும் அக்கம்பக்கத்தாரிடம் மாமியார், "தூரத்து உறவுதான். ஆனா புள்ள மேல என்னா பாசம் பாருங்க" என்று பெருமையாகச் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்குவேன். இவ்வளவு வெள்ளந்தியான மனுஷியை ஏமாற்றுகிறேனே என்று நெஞ்சு குறுகுறுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் எதுவும் வரவில்லை. பத்து மணிவரை வாசலைப் பார்த்துவிட்டு, துடைக்கும் துணியை எடுத்தேன். மாமியார் சமையலறையிலிருந்து காலை இழுத்து இழுத்து நடந்துவந்தார்.

"வெந்நீர் போட்டாச்சு. நீயே ஊத்து."

"அண்ணி வரட்டும் அத்தை."

"எந்த அண்ணி?" என்றார். சத்தம் போடவில்லை. "எங்க ஊர்ல எந்த வூட்டுப் பொண்ணு என்ன படிச்சுது, மெட்ராஸ்ல எதுக்கு வைத்தியம் பாக்குதுன்னு எனக்குத் தெரியாதா? முதல் நாள் முறை சொன்னப்பவே தெரியும்."

கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். இந்த ஒருத்திக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் கன்னத்தில் கைவைத்துப் படி ஏறியிருந்தேன். அவரோ எல்லாம் தெரிந்து காபி போட்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. சங்கடப்பட்டுகினு வராம நின்னுடப் போறா" என்றார்.

"எனக்கு என்ன சீக்குன்னு தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பிள்ளையை என்கிட்ட விடறீங்க?"

அவர் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "நான் கூடத்துல இருக்கேன். கதவைச் சாத்திக்க, ஈரக்காத்து வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.